வலைக்கும் தோலுக்கும் நடுவே

ஒரு சதுர அங்குலத்தில் 156 துளைகள். மலேரியாவைத் தடுக்க உலகம் முழுவதும் வழங்கப்படும் கொசு வலைகளுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் அளவு இது. நீளவாக்கில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு, குறுக்குவாக்கில் பதின்மூன்று. நூலின் தடிப்பைக் கழித்தால் ஒவ்வொரு துளைக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு மிஞ்சும். கொசுவின் உடம்பு அதைவிட மெலிவாகத் தெரியலாம். ஆனால் அது சிறகையும் ஆறு கால்களையும் விரித்துக்கொண்டு வருகிற பூச்சி. அந்த விரிப்பு அந்தத் துளையில் அடங்காது. காற்று போகும், கொசு நிற்கும். இவ்வளவு எளிய கணக்கை வைத்துக்கொண்டு இத்தனை உயிர்களைக் காத்த பொருள் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு அதிகம் நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் மலேசியாவின் தெலுக் இந்தானில் இந்தக் கணக்கு இடறுகிறது. காரணம், அகாஸ். அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் நிப்பா நிற்கும் சதுப்பிலும் பிறக்கும் பொடிப்பூச்சி. உடம்பு ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். பேராக் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகும் இந்தக் கீழ்ப்பேராக் மண்ணில், கடல் ஏற்றம் வந்துபோகும் கரைகளில், அதற்குக் குறைவே இல்லை. பலமான காற்றில் அதனால் பறக்க முடியாது. அதனால் காற்று அடங்குகிற அந்தியையும் விடியலையும் பார்த்து வரும். கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். 156 துளை வலைக்குள் அது தடையில்லாமல் நுழையும். ஆகவே இந்த ஊரில் ஆற்றோரம் மரத்துக்கு மரம் தூளி கட்டி இரவைக் கழிக்க நினைப்பவர், கடையில் ஹேமக் என்று கேட்டு வாங்கும் அந்தப் பெரியவர் தூளிக்கு, படுக்கையறை வலையின் துணி போதுமென்று எடுத்துவிடக் கூடாது. துளை அதில் பாதியளவுக்கும் கீழே இறங்க வேண்டும்.

துளை சிறுத்தால் வேறொன்றும் சிறுக்கும். காற்று. ஈரப்பதம் ஏறிக் கிடக்கும் நம் இரவில் அது சின்ன இழப்பில்லை. அடர்ந்த வலைக்குள் படுத்தவருக்கு நள்ளிரவில் கழுத்தடியில் வேர்வை ஊறும்போது, கொசுவே தேவலாம் என்ற எண்ணம் வரும். வலை வாங்குகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற துணியைத்தான் தேடுகிறார். நான் கடையில் செய்வது ஒன்றே ஒன்று. வலையை ஒற்றை மடிப்பாக வாய்க்கு நேரே பிடித்து, மறுபக்கம் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைத்து, மெல்ல ஊதுவேன். மூச்சு வலையில் பட்டுக் கன்னத்துக்குத் திரும்பினால் அந்தத் துணி வேண்டாம். உள்ளங்கையில் குளிர்ச்சி விழுந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். ஒரே அளவு துளையுள்ள இரண்டு வலைகளில் ஒன்று மூச்சை விடும், இன்னொன்று தடுக்கும். நூல் தடித்திருந்தால் துளையின் பங்கு குறைகிறது, அவ்வளவுதான். துளை சிறியதாகவும் நூல் அதைவிட மிகச் சிறியதாகவும் இருப்பதுதான் நல்ல வலை.

நூலின் மெலிவைச் சொல்ல டெனியர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 9,000 மீட்டர் நூலை எடுத்து நிறுத்தால் எத்தனை கிராம் வருகிறதோ அத்தனை டெனியர். 75 டெனியர் நூலென்றால், தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தடியில் தொடங்கி ஒன்பது கிலோமீட்டர் தூரம் விரித்துக்கொண்டே போகிற இழையின் முழு எடை 75 கிராம்தான். படுக்கையறை வலைகள் பெரும்பாலும் 75 அல்லது 100 டெனியர். 75 டெனியர் வலை ஒரு சதுர மீட்டருக்கு 30 கிராம் அளவில் நிற்கும், 100 டெனியர் 40 கிராம் போகும். தூளி வலைக்கு எடுக்கும் நைலான் இழையோ 15, 20 டெனியர் வரை இறங்கும். அதை விரலில் உருட்டிப் பார்த்தால் இழை இருப்பதே தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் துணி என்று தெரிகிற மெலிவு. முதுகுப் பையில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

வலையின் துளைகள் பெரும்பாலும் அறுகோணம். நெசவில் பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். இழுத்தால் நழுவும். ஓரிடத்தில் நூல் ஒதுங்கிவிட்டால் பக்கத்தில் பெரிய வாசல் திறந்துவிடும். வலைத்துணி அப்படி நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. ஒவ்வொரு மூலையிலும் நூல் நூலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணிகள் பிடித்துக்கொள்ளும். இதை இயந்திரத்தில் முதலில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹீத்கோட். 1808-இல் காப்புரிமை பெற்றார். 1816-இல் அவருடைய லஃப்பரோ ஆலையை, இயந்திரங்களை எதிர்த்த லட்டைட்டுகள் உடைத்து நொறுக்கியபோது, தொழிலையே தெற்கே டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டு போனார். அதுவரை கையால் முடைந்த லேஸ் துணி அறுகோணக் கண்ணியோடு மலிவாகக் கிடைத்ததால்தான், பின்னாளில் வெப்பநாடுகளின் கட்டில்களுக்கு மேலே பருத்தி வலைகள் தொங்க முடிந்தது. துணியைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணியை மூலைக்கு மூலை இழுத்து விட்டுப் பார்ப்பது அதனால்தான். விட்டதும் அறுகோணம் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். இழுத்த வாக்கிலேயே நீண்டு நின்றுவிட்டால், அந்த நீண்ட துளை வழியே அகாஸ் வரும்.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கறுப்பு. வெள்ளை நூல் கைவிளக்கு வெளிச்சத்தை வாங்கிச் சிதறடிக்கும். உள்ளே இருப்பவருக்கு வலையே சுவராகத் தெரியும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. கறுப்பு நூல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். கண் வலையைத் தாண்டிப்போய் ஆற்றையும் எதிர்க்கரை விளக்கையும் பார்க்கும். வெள்ளையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட கொசு அதில் பளிச்சென்று தெரியும், கிழிசலும் சீக்கிரம் கண்ணில் படும். வீட்டுக்கு வெள்ளை இருக்கட்டும். மரத்தடியில் படுக்கிறவருக்கு வெளியைப் பார்க்க வேண்டும்.

துணியைச் சொல்லிவிட்டேன். ஆனால் தூளி வலையில் துணி பாதி விஷயம்தான். கட்டிலில் படுப்பவருக்குக் கீழே மெத்தை இருக்கிறது, பலகை இருக்கிறது. கொசு மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் வர முடியும். தூளியில் படுப்பவருக்கு ஆறு பக்கமும் வெளி. முதுகுக்குக் கீழே இருப்பது மெல்லிய நைலான் ஒரு சுற்று. உடம்பின் பாரத்தில் அது விரிந்து இறுகி, தோலோடு ஒட்டி நிற்கும். கொசுவின் ஊசிவாய் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளம். அதற்குள்ளே ஆறு மெல்லிய ஊசிகள். அந்த நைலானின் தடிமன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூச்சின் கரியமிலவாயுவையும் உடம்புச் சூட்டையும் வேர்வை மணத்தையும் பிடித்துக்கொண்டு வரும் கொசு, மேலே வலை கட்டியிருந்தால் கீழே போகும், முதுகில் உட்காரும், சாவகாசமாகக் குடிக்கும். தலைக்கு மேலே அவ்வளவு அழகாக வலை போட்டும் காலையில் தோள்பட்டையிலும் பிட்டத்திலும் வரிசையாகத் தடிப்பு எழுந்திருப்பதன் விளக்கம் இதுதான்.

இதை நம் தோட்டத்துப் பெண்கள் யாரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தார்கள். விடிவதற்கு முன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போக வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். அங்கே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகளும் சாரோங் தூளிகளும் தொங்கும். இன்றைக்கும் மலேசியாவில் தமிழர், மலாய்க்காரர் என்று வேறுபாடில்லாமல் வீட்டுக்கு வீடு சுருள்கம்பியில் தொங்கும் குழந்தைத் தூளிதான். அதற்கென்றே தைத்த வலையும் குழந்தைச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அந்த வலையின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். மேலே கொக்கியருகே சுருங்கி, நடுவில் தூளியைவிட அகலமாகப் பரந்து, கீழே குழந்தையின் முதுகுக்கும் அடியில் போய் முடியும். தூளியின் வாயை விரிக்கக் குறுக்கே செருகும் கம்பு துணியைக் குழந்தையின் முகத்தில் விழாமல் தாங்கும், வலையையும் தள்ளி நிறுத்தும். என் பாட்டி சொல்வார்: “வல உடம்புல ஒட்டுனா வல இல்லாத கணக்குதான், தம்பி.” பெரியவர் தூளிக்கு வலை வாங்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. எந்தத் துணி, எத்தனை துளை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வலைக்கும் தோலுக்கும் நடுவே எப்போதும், எல்லாப் பக்கமும் வெறும் இடம் இருக்கிறதா? முழங்கை புரண்டாலும் பாதம் நீண்டாலும் அந்த இடம் இருக்குமா? நல்ல தூளி வலை அந்த இடத்தைத்தான் கட்டிக் காக்கிறது.

இந்தக் கண்ணோடு கடையில் கிடைப்பவற்றைப் பார்த்தால் தரம் பிரிப்பது சுலபம். தலையையும் தோளையும் மட்டும் மூடும் அரை வலை எடை குறைவு, மலைக்குளிரில் கம்பளியைக் காலுக்குப் போர்த்திப் படுப்பவருக்குச் சரி. நம் ஊர் வெக்கையில் யார் போர்வைக்குள் இருக்கப் போகிறார்கள்? விட்டுவிடலாம். தூளியோடு சேர்த்தே தைத்து, ஒரு பக்கம் ஜிப் வைத்த வலைகள்தான் அதிகம் விற்பனையாகின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பசிபிக் காடுகளுக்கென்று செய்த தூளியும் இந்த வகைதான். மேலே நீர் புகாத கூரை, பக்கங்களில் வலை, அடியில் துணி, எல்லாம் ஒன்றாகத் தைத்தது. உள்ளே போய் ஜிப்பை மூடினால் வேலை முடிந்தது என்பது பெரிய சுகம். ஆனால் அடிப்பக்கத் துணிக்குக் கீழே வலை இல்லை. அதனால் இந்த வகையில் அடித்துணி இரட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டு துணிக்கும் நடுவே மெல்லிய நுரைப்பாயைச் செருகினால் கொசுவின் ஊசி எட்டாது. முதுகுக்குச் சூடு ஏறும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

நான் விரும்புவது மூன்றாவது வகை. தூளியிலிருந்து தனியே பிரிந்த, நீண்ட உறை வடிவ வலை. இரண்டு முனையிலும் சுருக்குக் கயிறு. தூளியின் ஒரு முனையைக் கட்டுவதற்கு முன்னால் அதை உள்ளே கோத்துவிட்டு, பிறகு விரித்தால் தூளி முழுவதும் அதற்குள் வந்துவிடும். மேலே, கீழே, பக்கத்தில் என்று எந்தப் பக்கமும் வலைதான். முதுகுக்குக் கீழே அது தளர்வாகத் தொங்கி நிற்கும். அந்தத் தளர்வுதான் நான் சொன்ன இடைவெளி. கொசு வலையில் வந்து உட்காரும், ஊசியை நீட்டும், எட்டாது. வலையின் சுற்றளவு போதாவிட்டால் உடம்புப் பாரத்தில் இறங்கும் தூளி வலையைத் தொட்டுவிடும். ஆகவே கடையில் வாங்கும்போது வெறும் நீளத்தைக் கேட்காமல் சுற்றளவைக் கேட்க வேண்டும். ஆள் படுத்த பிறகு முதுகுக்குக் கீழே ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும். சுருக்குக் கயிறு முனையில் இறுகுகிற இடத்தில் விரல்நுனி நுழைகிற ஓட்டை நின்றாலும் அகாஸுக்கு அது பெரிய கதவு. துணியை நன்றாக மடித்துச் சுருக்கிய பிறகு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவது நல்லது.

அடி திறந்து, ஓரத்தில் கயிறோ ரப்பர் நாடாவோ வைத்து இழுத்துச் சுருக்கும் வலைகளும் உண்டு. குனிந்து உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளலாம். உள்ளே போகும்போது தோளோடு ஒட்டி வரும் இரண்டு கொசுக்களை விரட்டிவிட்டால் நிம்மதி. அடி சரியாகச் சுருங்காத இரவில் அந்த நிம்மதி இல்லை.

உறை வலை தோலைத் தொடாமல் நிற்பதற்கு மேலே ஒரு கயிறு வேண்டும். தூளியின் தலைமுனையிலிருந்து கால்முனைக்கு, படுப்பவரின் முகத்துக்கு மேலே ஓடும் முகட்டுக் கயிறு. அதன் நீளம் தூளியின் நீளத்தில் 83 விழுக்காடு அளவில் இருந்தால் தூளி சரியான வளைவில் தொங்கும் என்பது தூளிக்காரர்கள் பழகிக் கண்ட கணக்கு. 11 அடித் தூளிக்கு ஏறக்குறைய 9 அடி 1 அங்குலம். மரத்துக்கு மரம் தூரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கயிறு தூளியின் வளைவை மாறாமல் பிடித்துக்கொள்ளும். வளைவு மாறாவிட்டால் கோணலாகப் படுக்கலாம். தலை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம் என்று குறுக்காகச் சாய்ந்தால் முதுகு தட்டையாகும். அந்தக் கோணலுக்கு ஏற்ப வலையும் இருபுறமும் பரந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பக்க முழங்கையும் கால்பக்க முழங்காலும் வலையில் போய் முட்டும். சில நல்ல வலைகளில் பக்கவாட்டில் சின்னக் கண்ணி தைத்து, அதில் மெல்லிய ரப்பர் கயிறு கட்டி மண்ணில் முளையடித்து இழுக்கும் வசதி இருக்கும். அந்தச் சின்னக் கண்ணியைப் பார்த்தாலே, தைத்தவர் தானும் அதில் ஒரு இரவு படுத்துப் பார்த்தவர் என்று எனக்குத் தோன்றும். புரண்டு படுக்கும்போது முழங்கை எங்கே போகும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த இடத்தில் கண்ணி வைக்கத் தோன்றும்.

தையலைப் பார்க்கும் நயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. வலைத்துணியில் நேரடியாக ஊசி போட்டால் இழை கத்தரித்து, தையல் வரிசையே ஓட்டை வரிசையாகும். நல்ல வலையில் ஓரத்துக்குப் பட்டை நாடா கொடுத்து, வலையை அதற்குள் மடித்து வைத்து, அதன்மேல்தான் தைத்திருப்பார்கள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் நூல்பிசிறு வெளியே தெரியாது. ஜிப் இருந்தால் பிளாஸ்டிக் சுருள் ஜிப் நல்லது. உலோகப் பல் ஆற்றுப்பக்கத்து உப்பு ஈரத்தில் பூத்துப்போகும். மூடிய ஜிப்பின் இழுப்பான் நிற்கும் இடத்தில் எப்போதும் ஒரு சின்னச் சந்து இருக்கும். கவனமுள்ள தையற்காரர் அந்த இடத்தில் ஒரு துண்டுத் துணியை மடிப்பாக வைத்து மூடியிருப்பார். இரண்டு இழுப்பான்கள் இருந்தால் அவை முகத்துக்கு நேரே சந்திக்காமல், கால்பக்கம் சந்திக்கும்படி மூடிக்கொள்ளலாம்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு வலைக்குத் தேவையா என்று கேட்பவருக்கு இந்த ஊர்க் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1882-இல் தெலுக் ஆன்சன் என்று பெயர் சூட்டி, நூறாண்டு கழித்து 1982-இல் தெலுக் இந்தான் என்று மாற்றிய இந்த ஆற்றுத் துறைமுகத்தைச் சுற்றி, தாழ்நிலமும் சதுப்பும்தான். 1906-இல் டென்மார்க் நாட்டு ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இங்கே பெர்னாம் ஆற்றுப் பக்கத்தில் இருக்கிறது. இப்படிக் காடழித்துத் திறந்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து இறங்கியவர்களை முதலில் எதிர்கொண்டது காய்ச்சல்தான். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் இந்தக் காய்ச்சலோடு பல ஆண்டுகள் போராடிக் கண்டுபிடித்த ஒரு விஷயம் இன்றைக்கும் வியக்கத்தக்கது. கடலோரத் தாழ்நிலத்தில் நிழல் விழுந்த காட்டுச் சதுப்பில் பிறக்கும் அனோபிலிஸ், மரத்தை வெட்டி வெயில் விழவைத்து வாய்க்கால் வெட்டினால் ஒழிந்துபோனது. அதே வேலையை மலையடிவாரத் தோட்டத்தில் செய்தபோது காய்ச்சல் கூடியது. அங்கே வேறோர் அனோபிலிஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடையைத்தான் விரும்பியது. காட்டை வெட்டியதே அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிட்டது. ஒரே நாட்டில், ஒரு நாள் நடைதூரத்தில், ஒரு வைத்தியம் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நஞ்சு. கொசுவை இனம் பிரித்துப் பார்க்கச் சொன்ன அந்தக் கவனத்தால் காப்பாற்றப்பட்டவர்களில் நம் முன்னோர் எத்தனையோ பேர்.

கொசுவை இனம் பிரிக்க வலைக்குள் படுத்திருப்பதைவிட நல்ல இடமில்லை. கைவிளக்கை வலையின்மேல் சாய்வாகப் பிடித்தால் வெளியே உட்கார்ந்திருப்பவை தெரியும். வாலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, சுவரில் சாய்வாக அடித்த ஆணியாக நிற்பது அனோபிலிஸ். உடம்பு வலைக்கு இணையாகப் படிந்து கூன்போட்டிருப்பது குளெக்ஸ். கால்களில் வெள்ளை வளையம் தெரிந்தால் பெரும்பாலும் ஏடிஸ். டெங்கியைக் கொண்டுவருவது அதுதான், அதுவும் பகலில். மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டுமென்பது அதனால். சதுப்புப் பக்கம் மான்சோனியாவும் வரும். அதன் புழு தண்ணீர்ச் செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே மூச்சு வாங்கி வளர்கிறது. நிழலில் வெளியிலேயே கடிக்கும். யானைக்கால் நோயைச் சுமந்த இனம்.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவைக் கண்டபோது, அவருக்கு வேலை செய்ததும் ஒரு கொசு வலைதான். காய்ச்சல்காரரை வலைக்குள் படுக்கவைத்து, தான் வளர்த்த கொசுக்களை உள்ளே விட்டு, கடிக்கச் செய்தார். கடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதருக்கு ஓர் அணா. வலை அன்றைக்குக் கொசுவை வெளியே விடாமல் காத்தது.

மலேசியா 2018-இல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா ஒன்றுகூட இல்லை என்ற நிலையை எட்டியது. ஆனால் காட்டில் தூளி கட்டுகிறவர் அதைக் கேட்டு வலையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. நீளவால் குரங்கிடமும் பெரோக் குரங்கிடமும் இருக்கும் நோலெசி என்ற மலேரியா, காட்டு அனோபிலிஸ் வழியாக மனிதருக்கு வருகிறது. இயற்கையாக அது ஒரு மனிதருக்கு வந்ததை முதன்முதல் பதிவு செய்தது 1965-இல். பஹாங் காட்டில் வேலைசெய்த அமெரிக்க நில அளவையாளர் அவர். சரவாக்கின் காப்பிட்டில் அது பலருக்கு இருப்பது 2004-இல் வெளிவந்தது. இந்தக் கொசுக்கள் வீட்டுக்குள் வரக் காத்திருப்பதில்லை, வெளியிலேயே, அந்தி சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே கடிக்கத் தொடங்கிவிடும். தாப்பா பக்கம் கோலா வோ போன்ற அடிவார ஆறுகளுக்கு முகாம் போகும் தெலுக் இந்தான்காரர்கள் சமைத்துச் சாப்பிட்டுப் பேசி முடித்து, பத்து மணிக்கு வலைக்குள் போவதுதான் வழக்கம். வலையைச் சாயங்காலமே கட்டிவிட வேண்டும். தேநீரைக்கூட உள்ளே உட்கார்ந்து குடிக்கலாம். உறை வலை அகலமாக இருந்தால் அதற்கும் இடம் தரும்.

எங்கே கட்டுவது என்பது நம் பக்கத்தில் ஒரு தனிப் பிரச்சினை. இப்போது எங்கும் செம்பனை. அதன் தண்டில் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை அடுக்கடுக்காக நிற்கும். அதில் பெரணி முளைத்து, எறும்பும் தேளும் குடியிருக்கும். கட்டாமல் இருப்பதே நலம். பழைய பால்மரம் (ரப்பர் மரம்) நிரையாக நிற்கும் இடம் கிடைத்தால் அதைவிட வாகான இடமில்லை. தண்டு நேராக இருக்கும், பத்துப் பன்னிரண்டு அடித் தூரத்தில் துணை மரமும் கிடைக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உளி ஓடிய பட்டைக்கு மேலே, ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகல நாடாவைச் சுற்றிக் கட்ட வேண்டும். மெல்லிய கயிறு பட்டையில் இறங்கிப் பாலைக் கசியவைக்கும். அது மரத்துக்கும் நல்லதில்லை, மறுநாள் வெட்ட வருபவருக்கும் நட்டம். முசுறு எறும்பு கயிற்றில் நடந்து வந்து வலையின் சுருக்கில் புகப் பார்க்கும். கயிற்றில் ஒரு துணித்துண்டைப் பூச்சிவிரட்டி எண்ணெயில் நனைத்துக் கட்டிவிட்டால் அந்தப் பக்கம் வராது. அதே துணித்துண்டு மழைநீர் கயிறு வழியாகத் தூளிக்குள் ஓடிவராமல் அங்கேயே சொட்டவும் வைக்கும்.

பெர்மெத்ரின் தோய்த்த வலை வேண்டுமா? தொட்ட கொசு விழும், ஓட்டை விழுந்த பிறகும் ஓரளவு காக்கும் என்பதால் மலைக்காட்டுக்கு நான் வேண்டும் என்பேன். ஆனால் இந்த மருந்து மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் கொடியது. ஊடாங் காலா என்ற ஆற்று இறாலை நம்பி ஆற்றில் படகு தள்ளுகிறவர்கள் வாழும் ஊரில், அப்படிப்பட்ட வலையைப் பேராக் ஆற்றிலோ அதன் கிளையிலோ அலசுவது பாவம். வீட்டில் வாளியில் சவர்க்காரத் தண்ணீர் மிதமாக வைத்து, கசக்காமல் முக்கி எடுத்து, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் ஆற்றைவிட்டுத் தள்ளிய வெறுமண்ணில் ஊற்ற வேண்டும். வெயிலில் காயவைத்தால் மருந்தும் போகும், நைலானும் நொறுங்கும். நிழலில் கொடியில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும், அவ்வளவு மெலிது.

கிழிசல் விழுந்தால் வலையைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கண்ணி அறுந்த இடத்தை அதே மெலிவுள்ள நூலில் நான்கு சுற்றுப் பிடித்து இழுத்தால் போதும். விரல் நுழையும் கிழிசலுக்குப் பழைய வலையிலிருந்து ஒரு வட்டத்துண்டு வெட்டி, கிழிசலைவிட அரை அங்குலம் கூடுதலாக வைத்து, ஓரம் சுற்றித் தைக்கலாம். சதுரமாக வெட்டினால் மூலையில்தான் முதலில் பிரியும். கடைத்தெருவில் தையற்காரரிடம் கொடுப்பதானால் 9 அல்லது 11-ஆம் எண் ஊசி போடச் சொல்ல வேண்டும், காற்சட்டை தைக்கும் 16-ஆம் எண் ஊசி கண்ணிகளை அறுத்துவிடும். இயந்திரத்தின் பல் வலையைக் கீழே இழுத்துவிடாதபடி அடியில் ஒரு தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடலாம்.